ஜான் லார்ட்: ஹேமண்ட் ஆர்கனுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் நடுவே ஒரு வாழ்க்கை (கேள்வி பதில்)

டீப் பர்ப்பிள் குழுவின் ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜான் லார்ட் (1941–2012) குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே தருகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் அளவுக்குத் தேர்ச்சி பெற்ற லார்ட், முறையாக இசைக் கல்லூரியில் படித்தவரா?

இல்லை. அவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1941ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று பிறந்தார். தந்தை பொழுதுபோக்காக சாக்ஸபோன் வாசித்தவர். ஐந்து வயதிலிருந்து லார்டுக்குப் பியானோ வகுப்புகள் நடந்தன. பாக்கின் இசையும், எல்கர் முதலான ஆங்கிலேய இசையமைப்பாளர்களின் மரபும் அந்த வயதிலேயே அவர் காதில் ஏறிவிட்டன. பதின்ம வயதில் ஜெர்ரி லீ லூயிஸின் பியானோவையும், ஜிம்மி ஸ்மித்தின் ஜாஸ் ஆர்கனையும் இசைத்தட்டுகளில் கேட்டார். 1958இல் லெஸ்டருக்கு வந்த பட்டி ஹாலியின் கச்சேரியை நேரிலும் பார்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் வேலை பார்த்துவிட்டு, லண்டனுக்குச் சென்றது இசைக்காக அல்ல, நடிப்புக்காக. சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஸ்பீச் அண்ட் டிராமா என்ற நாடகப் பள்ளியில் படித்துக்கொண்டே, செலவுக்காக மாலை வேளைகளில் விடுதிகளில் பியானோவும் ஆர்கனும் வாசித்தார். அந்தத் துணைத்தொழில்தான் 1964 வாக்கில் ஆர்ட் வுட் நடத்திய ஆர்ட்வுட்ஸ் என்ற ப்ளூஸ் குழுவில் அவரைக் கொண்டு சேர்த்தது. மேடையில் அவருக்கு இருந்த நாடக உணர்வுக்கு, அதாவது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பார்வையாளரைக் காக்கவைக்க வேண்டும் என்ற அறிவுக்கு, இந்த நடிப்புப் பயிற்சியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: டீப் பர்ப்பிள் அவர் தொடங்கிய குழுவா? தொடக்க ஆல்பங்களில் செவ்வியல் இசைத் துணுக்குகள் நிறைய வருகின்றனவே?

குழுவுக்கான எண்ணம், சர்ச்சர்ஸ் குழுவின் முன்னாள் டிரம்மர் கிறிஸ் கர்டிஸிடமிருந்து வந்தது. அவர் விரைவில் விலகிவிட, லார்டும் கிதார் கலைஞர் ரிட்சி பிளாக்மோரும் சேர்ந்து 1968இல் குழுவை அமைத்தார்கள். டிரம்ஸ் இயன் பெய்ஸ், பாஸ் நிக் சிம்பர், குரல் ராட் எவன்ஸ். அந்த முதல் அணியில் இசையின் திசையைப் பெரும்பாலும் லார்டே தீர்மானித்தார் என்று சொல்லலாம்.

துணுக்குகள் குறித்து நீங்கள் கவனித்தது சரி. முதல் ஆல்பத்தில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரஸாத்’ வருகிறது. இரண்டாவதில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி ஒரு முகப்பாகப் பயன்படுகிறது. இவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. அறுபதுகளின் இறுதியில் பல குழுக்கள் இதைச் செய்தன. தெரிந்த மெட்டொன்றைப் பாட்டின் வாசலில் தோரணமாகக் கட்டுவதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. 1969இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் ‘ஏப்ரல்’ வேறு வகை. சுமார் 12 நிமிடம் நீளும் அந்தப் பாடலின் நடுப்பகுதியில், குழு முற்றாக ஒதுங்கிக்கொள்ள, லார்ட் தாமே எழுதிய சிறு ஆர்கெஸ்ட்ரா இசை ஒலிக்கிறது. கடன் வாங்குவதை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதத் தொடங்கிய இடம் அதுதான்.

கேள்வி: நான் கீபோர்டு கற்றுவருகிறேன். லார்டின் ஆர்கன் ஒலி கிதாரைப் போல உறுமுகிறது. எந்த டோனைத் தேர்ந்தெடுத்தாலும் அது எனக்கு வரவில்லை. அவர் என்னதான் செய்தார்?

ஹேமண்ட் ஆர்கனுக்குள் காற்றுக் குழாய்கள் இல்லை. ஒரு மின்மோட்டார் 91 உலோகச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் ஒரு காந்தத்தின் முன்னே மேடு பள்ளமாகச் சுழலும்போது, சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்அலை பிறக்கிறது. கட்டைகளுக்கு மேலே இழுத்துத் தள்ளக்கூடிய ஒன்பது டிராபார்கள், அடிப்படைச் சுரத்தோடு எந்தெந்த மேல்சுரங்கள் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. வழக்கமாக இந்த ஒலி லெஸ்லி ஸ்பீக்கருக்குச் செல்லும். அதன் சுழலும் கொம்பும் உருளையும் தேவாலயத்திலும் ஜாஸ் விடுதியிலும் நாம் கேட்கும் அந்த அலைபாயும் தன்மையைத் தருகின்றன.

லார்டின் சிக்கல் மிக எளிமையானது. புகழ்பெற்ற லெஸ்லி 122 வகையின் ஆம்ப்ளிஃபயர் திறன் 40 வாட். பக்கத்தில் நின்ற பிளாக்மோரின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரோ 200 வாட். ஆர்கன் யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே லார்ட் தம் ஹேமண்டையும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தினார். கிதாருக்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவி, ஆர்கனின் வலுவான அலையைத் தாங்காமல் சிதைத்து வெளியிட்டது. கட்டையை அழுத்தும்போது ஹேமண்டில் எழும் ‘க்ளிக்’ ஓசையும், அதை வடிவமைத்தவர்கள் குறையாகக் கருதிய ஒன்று, இப்போது கிதார் கம்பியை மீட்டும் ஓசையைப் போலக் கூர்மையாகக் கேட்டது.

கருவியை மாற்றியதோடு வேலை முடியவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இவ்வாறு சிதைந்த ஒலியில் நான்கைந்து சுரங்கள் கொண்ட நிறைவான கார்டை வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கலாகிவிடும். அதனால் ரிஃப்களில், அதாவது பாடலில் திரும்பத் திரும்ப வரும் குறுகிய இசைத் தொடர்களில், லார்டின் கைகள் கிதார் கலைஞரைப் போல இரண்டு சுரங்களை, பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் இடைவெளிகளில், மட்டுமே பிடித்தன. நிறைவான கார்டுகளை ஒலி மென்மையாக இருக்கும் இடங்களுக்கு ஒதுக்கிவைத்தன. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலின் ரிஃபில் கிதாரும் ஆர்கனும் எங்கே பிரிகின்றன என்று காதால் பிரித்தறிவது கடினம் என்பதற்கு இதுவே காரணம். உங்கள் கீபோர்டில் முதலில் சுரங்களைக் குறையுங்கள். ஓவர்டிரைவை, அதாவது ஒலிச் சிதைவைக் கூட்டுவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘கான்செர்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்கெஸ்ட்ரா’ எப்படி உருவானது? அது வெற்றியா, தோல்வியா?

கான்செர்டோ என்பது தனிவாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் செவ்வியல் படைப்பு. தனிவாத்தியத்தின் இடத்தில் ராக் குழு நின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் ஒரு படைப்பை எழுத வேண்டும் என்று லார்ட் பேசிக்கொண்டிருந்தார். மேலாளர் டோனி எட்வர்ட்ஸ் அதை வெறும் பேச்சாக விடாமல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலை முன்பதிவு செய்துவிட்டு, நாள் குறித்தாயிற்று, எழுதி முடியுங்கள் என்று சொல்லிவிட்டார். குழுவின் கச்சேரிகளுக்கு நடுவே, இரவுகளில் விழித்திருந்து, சில மாதங்களில் லார்ட் மூன்று பகுதிகளையும் எழுதி முடித்தார். இதற்கிடையில் குழுவில் எவன்ஸும் சிம்பரும் போய், பாடகர் இயன் கில்லனும் பாஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் வந்திருந்தார்கள். இரண்டாம் பகுதியில் தாம் பாட வேண்டிய வரிகளைக் கில்லன் கச்சேரி நாளன்றுதான் எழுதினார்.

நிகழ்ச்சி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று நடந்தது. ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசையமைப்பாளர் மால்கம் ஆர்னல்ட். ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்கள் சிலர் நீண்ட முடி வைத்த இளைஞர்களோடு வாசிப்பதை இழிவாகக் கருதி ஏனோதானோவென்று வாசித்தபோது, ஆர்னல்ட் அவர்களைக் கண்டித்து வழிக்குக் கொண்டுவந்தார். அவர் இல்லாமல் அந்த மாலை நடந்திருக்காது என்று லார்ட் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு சொல்லிவந்தார். அதே மேடையில் அன்று ஆர்னல்டின் ஆறாவது சிம்பொனியும் ஒலித்தது.

வெற்றியா தோல்வியா என்றால், இரண்டும் என்பதே என் நேர்மையான விடை. லார்டின் திட்டப்படி முதல் பகுதியில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் எதிரிகள், இரண்டாவதில் நெருங்குகிறார்கள், மூன்றாவதில் ஒன்றாக ஓடுகிறார்கள். திட்டம் அழகானது. ஆனால் முதல் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா பல நிமிடங்கள் தனியாக வாசித்து நிறுத்துகிறது, குழு பாய்ந்து நுழைகிறது, மீண்டும் குழு நிற்கிறது. அதாவது இரண்டும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்வதைவிட, முறை வைத்துக்கொண்டு பேசுகின்றன. ஆர்கெஸ்ட்ராவின் பகுதிகள் எழுதப்பட்டவை, குழுவின் நீண்ட தனி வாசிப்புகள் அந்தக் கணத்தில் பிறந்தவை. இந்த இரண்டையும் ஒரே நடையில் பிணைக்கும் வழி 28 வயது லார்டுக்கு அப்போது பிடிபடவில்லை. மூன்றாம் பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே தாளமே இரு தரப்பையும் இழுத்துச் செல்வதால் மோதல் மறைந்துபோகிறது. குறைகள் எப்படியிருந்தாலும், இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்த முதல் டீப் பர்ப்பிள் ஆல்பம் இந்தப் பதிவுதான்.

கேள்வி: பிளாக்மோர் இதை வெறுத்தார் என்கிறார்களே?

அவருக்கு இதில் விருப்பம் இல்லை என்பது உண்மை. கச்சேரிக்குப் பிறகு பத்திரிகைகள் டீப் பர்ப்பிளை ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் குழு என்றும், லார்டையே அதன் தலைவர் என்றும் எழுதத் தொடங்கியது மற்றவர்களுக்கும் எரிச்சலூட்டியது. அடுத்த ஆல்பம் முழுக்க முழுக்கக் கடுமையான ராக்காக இருக்க வேண்டும் என்று பிளாக்மோர் வற்புறுத்தினார். 1970இல் ‘டீப் பர்ப்பிள் இன் ராக்’ வந்தது. லார்ட் பகைமை பாராட்டாமல் அந்தத் திசையை ஏற்றுக்கொண்டு, ஆர்கெஸ்ட்ரா ஆசையைக் குழுவுக்கு வெளியே தொடர்ந்தார். பிபிசிக்காக எழுதிய ‘ஜெமினி ஸூட்’ அதே 1970 செப்டம்பரில் மேடையேறியது.

கேள்வி: ‘சைல்ட் இன் டைம்’ ஆர்கன் முகப்பு வேறொரு குழுவிடமிருந்து திருடப்பட்டதா?

சான் பிரான்சிஸ்கோவின் ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ குழுவின் ‘பாம்பே காலிங்’ என்ற வயலின் இசையிலிருந்து அது எடுக்கப்பட்டது. கில்லனே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். லார்ட் அந்த மெட்டை மெதுவாக்கி, விரிவாக்கி, அதன்மேல் பத்து நிமிடப் பாடல் ஒன்று எழ இடம் செய்தார். அந்தக் குழுவும் டீப் பர்ப்பிளின் ‘ரிங் தட் நெக்’கைத் தன் அடுத்த ஆல்பத்தில் வேறு பெயரில் பயன்படுத்திக்கொண்டது. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எழுபதுகளின் ராக் பாடல்களில் செவ்வியல் தாக்கம் எங்கே இருக்கிறது? ‘ஹைவே ஸ்டார்’ எனக்கு வெறும் வேகமான பாடலாகத்தான் கேட்கிறது.

அந்தப் பாடலின் ஆர்கன் தனி வாசிப்பை மட்டும் எடுத்து, மெதுவான வேகத்தில் கேட்டுப் பாருங்கள். ப்ளூஸ் வாசிப்பில் ஒரே கார்டின் மேல் சுரங்கள் சுற்றிச் சுற்றி வரும். இங்கே கார்டுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தர்க்கத்தோடு நகர, மேலே ஓடும் சுரங்கள் ஒவ்வொரு கார்டையும் படிப்படியாக உடைத்துக் காட்டுகின்றன. ஒரு வடிவத்தை வாசித்து, அதையே ஒரு படி கீழே வாசித்து, மீண்டும் ஒரு படி இறக்குவது பாக்கின் காலத்து விசைப்பலகை இசையின் அடிப்படைப் பழக்கம். பிளாக்மோரின் கிதார் தனி வாசிப்பும் அதே வகைக் கார்டு வரிசையின் மேல்தான் நிற்கிறது. இந்தப் பாடல் இடம்பெற்ற ‘மெஷின் ஹெட்’ 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில், பதிவுக்கென்று ஏற்பாடு செய்திருந்த காசினோ தீப்பற்றி எரிந்த பிறகு, ஒரு காலி ஹோட்டலின் தாழ்வாரங்களில் பதிவானது என்ற கதையை அனைவரும் அறிவீர்கள். என்னைப் பொறுத்தவரை, ஆல்பர்ட் ஹாலில் நூறு பேரை அருகில் வைத்துக்கொண்டு லார்ட் தேடிய கலப்பு, எந்த விளம்பரமும் இல்லாமல் இந்த ஹோட்டல் தாழ்வாரத்தில் கைகூடியது. செவ்வியல் இசை அங்கே விருந்தாளியாக வரவில்லை, வாக்கிய அமைப்பாகவே வந்துவிட்டது.

கேள்வி: கீத் எமர்சன், ரிக் வேக்மேன் ஆகியோருடன் ஒப்பிட்டால்?

இருவரும் அதே காலத்து ராக் கீபோர்டு கலைஞர்கள். எமர்சன் ஏற்கெனவே இருக்கும் படைப்புகளை ராக்குக்கு மாற்றி எழுதுவதில் வல்லவர்; முசோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ முழு ஆல்பமாக 1971இல் வந்தது; மின்னணு இசைக்கருவியான மூக் சிந்தசைசரை மேடையின் நடுவே நிறுத்தியவரும் அவரே. வேக்மேன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து, படிப்பை முடிக்காமல் வெளியேறியவர்; 1974இல் ஆர்கெஸ்ட்ரா, பாடகர் குழு, கதைசொல்லி என்று தம் படைப்பொன்றைப் பெரிய காட்சியாக மேடையேற்றினார். விரல் வேகத்தில் இருவரும் லார்டை மிஞ்சுவார்கள் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். லார்ட் வேறுபடுவது கூட்டாக வாசிப்பதில். கிதாரும் டிரம்ஸும் வாசிப்பதைக் கேட்டு, அவற்றுக்கு இடையில் எஞ்சியிருக்கும் வெளியை நிரப்பும் இயல்பு அவருடையது. 1972இல் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ கச்சேரி ஆல்பத்தில் அவரும் பிளாக்மோரும் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொள்வது இதற்குச் சான்று. சிந்தசைசரை அவர் தொட்டதுண்டு, ஆனால் அது அவருடைய வீடு அல்ல.

கேள்வி: ஒயிட்ஸ்நேக் காலம் பற்றி எழுதுங்கள்.

டீப் பர்ப்பிள் 1976இல் கலைந்தது. பெய்ஸ் ஆஷ்டன் லார்ட் என்ற குழு ஓர் ஆல்பத்தோடு நின்றுபோன பிறகு, 1978 முதல் 1984 வரை டேவிட் கவர்டேலின் ஒயிட்ஸ்நேக்கில் லார்ட் வாசித்தார். நல்ல ப்ளூஸ் ராக், ஆனால் நம் பொருளுக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. 1984இல் பழைய அணி மீண்டும் சேர்ந்து ‘பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ வந்தது. அதன் தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் தனியாக நிற்கும் அந்த ஆர்கன், மேலே சொன்ன மார்ஷல் ஒலிக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

கேள்வி: கான்செர்டோவின் இசைக்குறிப்பு தொலைந்துபோனது உண்மையா?

உண்மை. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் போல் அரங்கில் வாசிக்கப்பட்ட பிறகு அது காணாமல்போனது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, மார்கோ டெ கோய் என்ற டச்சு இளைஞர், பழைய ஒலிப்பதிவைக் கேட்டும் படப்பதிவைப் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் காதாலேயே மீட்டெழுதினார். ஒரே நேரத்தில் பல வாத்தியங்கள் ஒலிக்கும் இடத்தில், இரண்டாம் கிளாரினெட் என்ன வாசிக்கிறது என்று ஒரு பழைய பதிவிலிருந்து பிரித்தெடுப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை இசைக்குறிப்பு எழுதிப் பழகியவர்கள் உணர்வார்கள். அந்தப் பிரதியை லார்டும் நடத்துநர் பால் மானும் சேர்ந்து செப்பனிட, 1999 செப்டம்பரில் அதே ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதை மீண்டும் வாசித்தது.

கேள்வி: 2002இல் புகழின் நடுவே குழுவிலிருந்து ஏன் விலகினார்? பிறகு எழுதியவை கேட்கத் தக்கவையா?

ஓயாத பயணம் எழுதுவதற்கு நேரம் விடவில்லை என்பதே காரணம். மனக்கசப்பு எதுவும் இல்லை. டான் ஏரி அவர் இடத்துக்கு வந்தார். பின்னால் எழுதியவை கேட்கத் தக்கவை என்று மட்டும் சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். தாயின் மறைவுக்குப் பிறகு எழுதிய ‘பிக்சர்ட் விதின்’ (1998) ஆல்பத்திலிருந்தே அவர் நடை மாறிவிட்டது: ஒலி தணிந்தது, பியானோ முன்னுக்கு வந்தது, யாரோடும் போட்டியிட வேண்டிய தேவை அகன்றது. ‘பூம் ஆஃப் தி டிங்லிங் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற பியானோ கான்செர்டோ, தாய் பியானோ வாசிக்க அதனடியில் அமர்ந்திருக்கும் குழந்தையை நினைவுகூரும் டி. எச். லாரன்ஸின் கவிதையிலிருந்து பிறந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டர்ஹம் கான்செர்டோ’. டர்ஹம் பல்கலைக்கழகம் தன் 175ஆம் ஆண்டு நிறைவுக்காக எழுதச் சொன்ன இந்தப் படைப்பு, 2007 அக்டோபர் 20 அன்று அந்நகரின் கதீட்ரலில் அரங்கேறியது. விடியலில் கதீட்ரலில் தொடங்கி, ஆற்றுப் பாலத்தையும், மாணவர் கொண்டாட்டத்தையும், சுரங்கத் தொழிலாளர்களின் ஆண்டுத் திருவிழாவையும் கடந்து இரவில் முடியும் ஒரு நாள்தான் அதன் வடிவம். வயலின், செல்லோ, அந்த வட்டாரத்துக்கே உரிய நார்த்தம்பிரியன் பைப்ஸ் ஆகியவற்றோடு ஹேமண்ட் ஆர்கனும் தனிவாத்தியமாக வருகிறது. 1969இல் ஆர்கெஸ்ட்ராவின் எதிரியாக நின்ற அதே ஆர்கன் இங்கே நான்கு குரல்களில் ஒன்றாக, தன் முறை வரும்போது மட்டும் பேசி, மற்ற நேரங்களில் அடங்கியிருக்கிறது. முதல் கான்செர்டோவில் தீராத சிக்கலுக்கு அவர் 38 ஆண்டுகள் கழித்து எழுதிய விடை என்றே நான் இதைக் கேட்கிறேன்.

கேள்வி: இறுதிக்காலம்?

2011 ஆகஸ்டில் தமக்குப் புற்றுநோய் இருப்பதை அவரே அறிவித்தார். கணையப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தபோது, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டு, 2012 ஜூலை 16 அன்று லண்டனில் காலமானார், வயது 71. தம் முதல் கான்செர்டோவின் முழுமையான ஸ்டூடியோ பதிவை லிவர்பூல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு முடித்திருந்தார். அது அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்தது. டீப் பர்ப்பிள் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்கப்பட்டது 2016இல்தான்.

கேள்வி: மேற்கத்திய செவ்வியல் இசையும் தெரியாது, ராக்கும் அதிகம் கேட்டதில்லை. எங்கே தொடங்கலாம்?

கான்செர்டோவில் தொடங்காதீர்கள், ஐம்பது நிமிட நீளம் உங்களைச் சோர்வடையச் செய்யும். ‘சாரபாண்ட்’ (1976) ஆல்பத்தின் தலைப்பு இசையை முதலில் கேளுங்கள். பரோக் கால நடன வரிசையின் பெயர்களைத் தாங்கிய எட்டுப் படைப்புகளை, ஃபில்ஹார்மானியா ஹங்காரிகா ஆர்கெஸ்ட்ராவும் ஒரு சிறு ராக் குழுவும் சேர்ந்து எபர்ஹார்ட் ஷோனர் நடத்த வாசித்தது அது. ஏழு நிமிடங்களில் இரண்டு உலகங்களும் தெரிந்துவிடும். அடுத்து ‘மேட் இன் ஜப்பான்’ பதிவில் ‘ஹைவே ஸ்டார்’. அதன் பின் ஓர் இரவு, ஒலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, நண்பர் ஜான் மார்டிமரின் நினைவாகப் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் எழுதிய ‘டு நோட்டிஸ் சச் திங்ஸ்’ (2010). இவை மூன்றும் பிடித்திருந்தால் ‘டர்ஹம் கான்செர்டோ’வுக்குச் செல்லுங்கள். 1969ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஹால் பதிவை அதற்குப் பிறகு, மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கேட்கலாம்.